காதில் நுழையும் நூல்

வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே நான் போர்வை தைக்கிறேன்.
சிரிப்பவர்கள் குதைபியாவுக்கு வந்து
எங்கள் வீட்டு ஏசிக்கு நேர் கீழே
ஒரு மதியம் படுத்துப் பார்க்கட்டும்.
பதினெட்டுக்கு மேலே ஒரு எண் ஏறினாலும்
இன்னாசிக்கு விழிப்பு வந்துவிடும்.

சித்ராவில் இரவு ஷிப்ட் முடித்து
ஏழரைக்கு வந்து விழுந்தவர்.
சன்னல் முழுக்க அலுமினியத் தாள்.
அந்த அறைக்கு மட்டும் இப்போது நள்ளிரவு.
கட்டிலின் காலடியில் நான்,
ஹாலிலிருந்து கசியும் ஒரு முழ வெளிச்சத்தில்
ஊசியைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

நம் மொழியில் ஊசிக்குக் கண் இல்லை,
காதுதான்.
அதன் காதில் ஒரு நூல்.
என் காதிலும் ஒரு நூல்,
பதினான்கு மணி நேர நீளம்.
வாசிப்பவருக்குத் தொண்டையில் லேசாகச் சளி.

துண்டுகள்
கீழ்த்தளத்து யூனுஸ் பாய் கடையில் வாங்கியவை.
அபாயா வெட்டிய மிச்சம்.
கறுப்பில் ஆறு வகை இருப்பது
இங்கே வந்துதான் தெரியும்.
எத்தனை துவைத்தும் எண்ணெய் போகாத
இன்னாசியின் கவரால், நீலம்.
மேல்மாடி மரிசெலின் பழைய நர்ஸ் சட்டை,
குழந்தைகள் வார்டு என்பதால்
அதில் மஞ்சள் வாத்துகள்.

எந்தத் துண்டில் என்ன நடந்தது என்று
கேட்டால் சொல்லுவேன்.
இந்த நீலத்தில்தான்
சுங்க அதிகாரி டீ குடித்தார்,
குடையைத் தேடினார்.
வாத்து வரிசையில் செத்துப் போனார்.
மூன்றாவது கறுப்பில் டாக்டரின் மனைவி
பொய்ச் சத்தியம் செய்தாள்;
அங்கே தையல் கோணல்.
கோபம் வந்தால் எனக்குக் கை நேராக ஓடாது.

ஊக்கு எங்கள் பூனை.
கோல்டு ஸ்டோருக்குப் பின்னால்
தண்ணீர் பாட்டில் அட்டைகளுக்குள் கிடைத்தாள்.
எப்போதோ ஒடிந்து, தானே கூடி,
மடங்கி நிற்கும் வால்.
அதனால் அந்தப் பெயர்.
தரையில் எந்தத் துணி விரித்தாலும்
அவளுக்கு வந்த அழைப்பிதழ் அது.
போன செவ்வாய்
இயர்போன் ஒயரை மூன்றாகக் கடித்து வைத்தாள்.
சம்பளம் வரட்டும் என்று
போனை மெதுவாகப் பேசவிட்டேன்.

அன்று மாலை சாப்பாட்டில்
"அந்தப் படகுக்காரன் நல்லவன்தானே?" என்றார்.
"தூங்கினீங்களே!"
"தூங்கத்தான் செஞ்சேன்."

அவருக்குள் கதை
மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஒன்பதுக்குத் தாவி
நடுவில் கனவால் ஒட்டுப் போட்டுக்கொண்டது.
சுங்க அதிகாரி அவருடைய ஃபோர்மேன்.
மண்டையில் அடித்தது
நாலு அங்குல வால்வு.
நான் திருத்தவில்லை.
புத்தகத்தைவிட நன்றாகத்தான் இருந்தது.

இன்று
கதையில் ஒரு மணி நேரம் மிச்சம்,
போர்வையில் ஒரு வரிசை.
இரண்டும் ஒன்றாக முடியும் என்று
கணக்குப் போட்டு உட்கார்ந்தேன்.
போனுக்கு மேலாக நடந்து போனாள் ஊக்கு.
அவ்வளவுதான்.
செத்தவர் டீ கேட்டார்.
சூடாக இல்லை என்றார்.
என் குடை எங்கே என்றார்.

முன்னே தள்ளப் போன விரலை
என்னவோ, மடக்கிக்கொண்டேன்.
பாவம், இன்னும் ஐந்து மணி நேரம்
அவருக்கு உயிர் இருக்கிறது.
கடைசி வரிசையை வாலோடு சேர்த்து மறைத்து
அவளும் படுத்தாயிற்று.
குண்டூசிகளைப் பெட்டியில் போட்டேன்.

கட்டிலிலிருந்து கரகரத்த குரல்:
"அவருதான் செத்துட்டாரே?"
"பூனை எழுப்பி விட்டிருக்கு. தூங்குங்க."
"ம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பியவர்
கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:
"குடை கதவுக்குப் பின்னாடி இருக்கு.
சொல்லிடு அவருகிட்ட."