பதினான்காம் அத்தியாயம்

நாற்பது பக்கம் பூண்டுக்கு எதற்கு
என்று சென்னையிலிருந்து கேட்டார் பதிப்பாசிரியர்.
இரண்டு கிலோ பூம்பாறைப் பூண்டு
தாளோடு, மண்ணோடு
கூரியரில் அனுப்பினேன்.
பத்து நாள் கழித்துப் பதில்:
முப்பத்தைந்து இருக்கட்டும்.

பெருமைக்கு எழுதவில்லை.
சரி, கொஞ்சம் பெருமைதான்.
பனிமூட்டம் என்ற சொல்லை
பிரதி முழுக்கத் தேடி அடித்துவிட்டேன்.
அது விடுதிக்காரர்களின் சொல்.
நாங்கள் ‘மூடிக்கிச்சு’ என்போம்,
அடுத்த வேலையைப் பார்ப்போம்.

சிக்கல் குழந்தைவேலுதான்.
கதைப்படி அவன் நிலத்தை விற்று
வத்தலக்குண்டு இறங்கியாக வேண்டும்.
மூன்று முறை பஸ் ஏற்றினேன்,
கடைசி முறை டிரங்குப் பெட்டியோடு.
பெருமாள்மலையில் டீ குடிக்க இறங்குகிறவன்
திரும்பி ஏறுவதில்லை.

நேற்றிரவு டிரைவரை விட்டு
ஹாரன் அடிக்கச் சொன்னேன்.
இன்னொரு டீ சொல்கிறான்,
எனக்கும் சேர்த்து.