ஒன்பது விநாடி

ஒரு டேக்குக்கு நூறு ரூபாய்,
ஐஸ் கம்பெனி மெஷினை நிறுத்தி வைக்க.
முதுநகர், உப்பனாற்றங்கரையில் படப்பிடிப்பு.
பூம் கம்பு பிடிக்கும் அற்புதராஜ்
விரலை மடக்கினால் நிறுத்துவேன்,
விரித்தால் ஓட்டுவேன்.

பதினோராவது டேக் முடிந்ததும்
ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு
ரெக்கார்டிஸ்ட் தெய்வசிகாமணியே வந்துவிட்டார்.
காசைக் குறைக்கத்தான் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது கம்ப்ரசர்ல பேரிங் போகுது.
நிக்கிறப்போ கடைசியா ஒரு 'க்ர்' வருது."

இருபத்திரண்டு வருஷமாய் என் கையில் ஓடுகிற மெஷின்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள் சொல்கிறார்.
எரிச்சலோடு போய் சுவிட்சைத் தட்டினேன்.

அடங்க ஒன்பது விநாடி.
முதலில் காக்கை.
படகில் யாரோ வலை உதறுவது.
ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்,
நாள் பூராவும் சொட்டியிருக்கும் போல.
எல்லாவற்றுக்கும் அடியில்
க்ர்.

"காதாலயா பாத்தே?" என்று சிரித்தார் முதலாளி.
பேரிங் ஆயிரத்து நூறு.
படக்காரர்கள் தந்ததில் என் பங்கு எழுநூறு.

"சம்பளம் அடுத்த மாசம் ஏத்திடலாம்" என்கிறார்.
வார்த்தை நின்றுவிட்டது.
நான் நகரவில்லை.
காது கொடுத்து நிற்கிறேன்.