மூக்கின் உயரம்

எண்ணூரில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்குகிறேன்.
செருப்பு மாற்றி, கை கழுவி, தலைக்கு வலை மாட்டி
இரண்டாவது கதவைத் தள்ளினால்
முந்நூற்றுப் பன்னிரண்டு கூண்டுகள்.
சம்பளச் சீட்டில் விலங்குப் பராமரிப்பாளர்.
தெருவில் எலிக்காரன்.

ஒரு எலிக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர்
என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது.
எங்கள் வீட்டு ஆட்களுக்கும்
ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
எஸ்தரிடம் சொல்லவில்லை.

வாலைப் பிடி, தூக்கு, எடை போடு, எழுது:
சுவரில் ஒட்டிய அட்டை அப்படித்தான் சொன்னது.
தலைகீழாகத் தொங்கும்போது
நாலு காலாலும் காற்றில் எதையோ தேடும்.
இருபத்திரண்டு கிராம், புள்ளி நாலு.
பயந்ததை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை மூடும் நேரம்
பாலிதீன் சுற்றித் தீர்ந்த அட்டைக் குழாய்கள்
வாசலில் குவிந்து கிடக்கும்.
"எதுக்குண்ணா?" என்றான் கடைப் பையன் ஷாநவாஸ்.
"எலி குடியிருக்க."
"வாடகை எவ்ளோ?" என்று சிரித்து
ஒரு கோணி நிறைய அள்ளிக் கொடுத்தான்.
டாக்டர் நிலோஃபர் கமிட்டிக்கு எழுதினார்.
மூன்று மாதம் அந்தக் கோணி
ஏணிக்குக் கீழேயே கிடந்தது.
கையெழுத்து வந்தபின்
சாண் நீளம் அறுத்து, ஆவியில் காட்டி,
கூண்டுக்கு ஒன்று வைத்தேன்.
முதல் நாள் எதுவும் கிட்டப் போகவில்லை.
மறுநாள் போனது
வெளியே வர மனமில்லாமல் கிடந்தது.
இப்போது குழாயோடு தூக்குகிறேன்.
உள்ளேயிருந்து மீசை மட்டும் நீட்டி
என்னை விசாரிக்கிறது.

உமி மாற்றுவது வாரம் ஒருமுறை.
போதாது என்றேன்.
"நாற்றமே இல்லையே" என்றார் டாக்டர், நின்றபடி.
நிற்கிற உயரத்தில் இல்லைதான்.

மேடம், நான் எண்ணூர்.
குழாய் கசிந்த ராத்திரி
மகள் முகத்தில் ஈரத்துணி கட்டி
தண்டையார்பேட்டை வரை வண்டியை முறுக்கியவன்.
வண்டி இல்லாதவர்கள்
கதவிடுக்கில் புடவையைத் திணித்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.
அமோனியாவை எனக்கு யாரும்
அறிமுகம் செய்துவைக்க வேண்டாம்.

கொஞ்சம் குனியுங்கள்.
இன்னும்.
இதோ, இது மூக்கு வைத்துப் படுக்கிற இடத்தில்
உங்கள் மூக்கை வையுங்கள்.

தரையில் முழங்கால் போட்டு
கூண்டுக்குள் முகத்தைக் கொண்டுபோனார்.
கண்ணில் நீர் வந்தது. அழுகை இல்லை, நெடி.
உடனே எழுந்திருப்பார் என்று நினைத்தேன்.
எழவில்லை.

அதிலிருந்து திங்களும் வியாழனும்.
மூச்சு இழுக்கும்வரை காத்திருந்த
பழைய அட்டவணையையும் அவரே அடித்தார்.
ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் போதும்,
அங்கேயே நிறுத்திவிடலாம் என்று
சிவப்பில் எழுதினார்.

காசநோய் மாத்திரை எவ்வளவு தாங்கும் என்று
ஈரலைக் கேட்கிற சோதனை இது.
என் தம்பி ஞானராஜ் ஆறு மாதம் விழுங்கினான்.
அதுவும் இப்படி ஓர் அறையைக்
கடந்துதான் வந்திருக்கும்.
ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில்
வஞ்சிரத்துக்குப் பேரம் பேசி
கத்திக்கொண்டிருந்தான். கேட்க நன்றாக இருந்தது.
இந்த வேலையே கூடாது என்று சொல்ல
எனக்கு நா எழவில்லை.
அவற்றை யாரும் கேட்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை நூற்றுப் பதினெட்டு.
எடை குறைந்திருந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டது.
உள்ளங்கையில் குழாயை வைத்து
அடுத்த அறைக்கு நானே கொண்டுபோனேன்.
வழியில் அது தூங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்து கூண்டைக் கழுவ எடுத்தால்
மூலையில் டிஷ்யூ தாளை நூல் நூலாகக் கிழித்து
கிண்ணம் மாதிரி ஒரு கூடு.
கையுறையைக் கழற்றி விரலை விட்டேன்.
கழற்றக் கூடாது. தெரியும்.
சூடு இருந்தது.

பதிவேட்டில் அதற்கும் கட்டம் இல்லை.
ஓரத்தில், தேதிக்குப் பக்கத்தில், எழுதி வைத்தேன்:
கூடு நன்றாகக் கட்டியிருந்தது.