ஐம்பது ஹெர்ட்ஸ்

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
பஸ் நின்றுவிட்ட பதினோரு நிமிடத்தில்
எனக்கு நானே ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன்.

கணக்குப் பிடிக்குமா?
பிடிக்கும், அதற்கு என்னைப் பிடிக்காத நாட்களிலும்.
இரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா?
எட்டாம் வகுப்பில் ஒருமுறை வந்தது.
அது இரத்தமில்லை, பீட்ரூட்.
டாக்டராக முடியாததால்தானே இது?
இந்தக் கேள்வியை எழுதியது நானில்லை,
பெரியம்மா.

கல்லூரியில் ஓப்பன் டே என்று பேனர் கட்டியிருந்தார்கள்.
கம்ப்யூட்டர் சயின்ஸ் கூடத்தில் நிற்க இடமில்லை,
ஒருவர் செருப்பை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.
பயோ இன்ஜினியரிங் மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
ஏறி வந்தவர்கள் ஒன்பது பேர்;
அதில் இரண்டு பேர் கழிப்பறை தேடி வந்தவர்கள்.

ஓர் அப்பா கேட்டார், முடித்தால் என்ன வேலை?
பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சிலர் மருத்துவக் கருவிக் கம்பெனியில்.
சிலர் மேலே படிக்கப் போனார்கள்.
நிறையப் பேர் சாஃப்ட்வேருக்கே போய்விட்டார்கள்.
மறைக்க மாட்டேன்" என்றார்.
அந்த அப்பா மகனின் கையைப் பிடித்துப்
படியிறங்கிவிட்டார்.
மகன் திரும்பித் திரும்பி
இன்குபேட்டரைப் பார்த்தபடி போனான்.

மூன்றாம் வருஷம் படிக்கும் ஜைனப்
என் முழங்கைக்குக் கீழே மூன்று பட்டைகளை ஒட்டினாள்.
"முஷ்டியை மடக்கு."
மேஜைமேல் கிடந்த பிளாஸ்டிக் கை மடங்கியது,
கொஞ்சம் தாமதமாக,
அட்டெண்டன்ஸுக்குக் கை தூக்கும் கடைசி பெஞ்சு மாதிரி.

திரையில் ஒரு கோடு.
நான் கையைத் தளர்த்திய பிறகும்
அடங்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது.
இது என் நரம்பா என்றேன்.
தமிழும் கன்னடமும் கலந்து சிரித்தாள்:
"நீ இல்லை. டியூப் லைட்.
சுவருக்குள் ஓடுகிற கரண்ட்.
நொடிக்கு ஐம்பது தடவை
எல்லார் உடம்பிலும் வந்து ஏறிக்கொள்ளும்.
அதைக் கழித்துவிட்டு உன்னைக் கண்டுபிடிக்கத்தான்
நாலு செமஸ்டர் கணக்கு.
போன வருஷம் அதில் நான் ஃபெயில்."

அந்தக் கடைசி வாக்கியம்
எந்த பேனரிலும் இல்லை.
அதனால்தான் நம்பினேன் போல.

அம்மா கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறாள்.
மணிக்கு அறுபது காலர்.
ராத்திரி விரல் மரத்து எழுந்து
தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை உதறுவாள்.
ஆஸ்பத்திரியில் நரம்புக்கு ஷாக் வைத்துப் பார்த்து
ஒரு தாளில் மில்லி செகண்டு எழுதிக் கொடுத்தார்கள்.
தாள் அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது.
அம்மாவுக்காகத்தான் இந்தப் படிப்பு என்றால்
எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள்.
பாதிப் பொய்.
எனக்கு அந்தத் தாள்மேலேயே ஆசை.
வலி எப்படி ஓர் எண் ஆனது?

இன்று ஆப்ஷன் போடக் கடைசி ராத்திரி.
முதல் ஏழும் சி.எஸ். என்கிறான்
பின்னால் நிற்கும் அண்ணன் கிளமென்ட்.
கடன் கட்டப்போவது யார் என்றும் கேட்கிறான்.
தப்பில்லை,
ஊரார் சோற்றைப் பைக்கில் சுமப்பவன் அவன்.
போனில் பெரியம்மா.
பக்கத்து வீட்டு மிக்ஸி.
எனக்கு என்ன வேண்டும் என்று உற்றுப் பார்த்தால்
கோடு முழுக்க அதிர்வு.

பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.
பிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
ஃபேன். மிக்ஸி.
வைஃபையோடு பெரியம்மாவும்.
லேப்டாப்பில் பதினாலு சதவீதம்.

மணிக்கட்டில் விரல் வைத்தேன்.
அது பதில் ஒன்றும் சொல்லவில்லை.
துடித்தது, அவ்வளவுதான்.

எட்டாவதில் கிடந்ததை இழுத்து
மூன்றாவதில் விட்டேன்.
முதலில் வைக்கும் அளவுக்குத் தைரியம் வரவில்லை.

"இருட்டுல என்னடி பண்ற?"
அண்ணன் மெழுகுவர்த்தியைத் தேடுகிறான்.
தீப்பெட்டி அம்மாவிடம்.
மரத்த விரலுக்குக் குச்சி அகப்படவில்லை.
எழுந்து போய் நான் கிழிக்கிறேன்.

சேவ் இன்னும் அழுத்தவில்லை.
பதினொன்று சதவீதம்.