ஏழாம் பிரிவு

மண்டபத்தில் ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடி என் அறை.
கீழே கட்டி உடைக்கும் சத்தம் வந்தால்
விசாரணை நிற்கும்.
அதுவும் குறிப்பில் ஏறும்:
பத்து நாற்பது முதல் பத்து ஐம்பத்தைந்துவரை, ஐஸ்.

வடக்கு ஜன்னலில் பெண்கடல், தெற்கில் ஆண்கடல்.
வருகிறவர்கள் எல்லாம் இதைப் பார்த்து
நடுவருக்குப் பொருத்தமான இடம் என்பார்கள்.
வாடகை குறைவு, அதுதான்.

பதினோரு வருடம் பெண்கள் பேஸ்பால் அணிக்கு மேலாளர்.
மேலாளர் என்றால்
பதினெட்டுப் பேருக்கு ரயிலில் ஒன்பது பெர்த்.
கிட்பேக்கில் நாப்கின், தைலம், யாருடையதோ பிறப்புச் சான்றிதழ்.
உப்பளத்து நீரில் விழுந்து கனத்த பந்தைக்
கருவாட்டோடு காயவைத்து மறுபடி ஆட்டத்துக்குத் தருவது.
ஜெயித்தால் போட்டோவில் ஓரத்தில் நிற்பது,
தோற்றால் நடுவில்.

சட்டம் படித்தது முப்பத்தெட்டு வயதில்,
என் மகளைவிட இரண்டு வயது பெரிய பிள்ளைகளோடு.
மைதானத்தில் நிற்பவரும் நடுவர்,
இங்கே உட்கார்ந்திருப்பவளும் நடுவர்.
தமிழ் ஒரே சொல்லில் சிக்கனம் பிடித்துவிட்டது.
அவர் முடிவு சொல்லக் கண்ணிமைக்கும் நேரம்.
எனக்கு மாதக்கணக்கு,
கூடவே முத்திரைத்தாள்.

இன்றைய வழக்கு:
சகாய டெல்பின், தங்கச்சிமடம், பந்து வீசுபவள்.
எதிர்த்தரப்பு அவளுடைய கிளப்.
ஐந்தாவது இன்னிங்ஸில் தோள் இறங்கிற்று.
பந்தில் நூற்றெட்டுத் தையல்,
ஏற்றிப்போன வண்டியும் நூற்றெட்டு.
வராத சம்பளம் ஏழு மாதம்.

கிளப் வக்கீல் காளீஸ்வரன் ஒப்பந்தத்தை நீட்டினார்.
'காயத்தால் ஆட இயலாத நாள்களுக்கு
ஊதியம் கோர ஆட்டக்காரருக்கு உரிமை இல்லை.'

நாள்களுக்கு.

ஊரெல்லாம் நாட்கள் என்று எழுத
நாள்கள்தான் சரி என்று சண்டை போட்ட ஒருத்தியை
எனக்குத் தெரியும்.
ஸ்பான்சர் போனை எடுக்காத வருடம்,
பரமக்குடி பிளாட்பாரத்தில், கிட்பேக்மேல் தாள் வைத்து,
அணி பிழைக்கட்டும் என்று எழுதினாள்.
காயம் படப்போகிறவளுக்கு
அப்போது முகம் இல்லை. அது ஒரு வசதி.

அந்த அணி கலைந்துவிட்டது.
படிவம் கலையவில்லை.
ஜெராக்ஸ் கடை ஜெராக்ஸ் கடையாகத்
தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று
கரையோரமாகவே நடந்து
இந்த மேசைக்கு வந்திருக்கிறது,
என் 'ள்' கூட உதிராமல்.

யாருக்கும் தெரியாது.
பேசாமல் இருந்து, பிரிவு செல்லாது என்று எழுதி
சம்பளத்தை வாங்கிக் கொடுத்துவிடலாம்.
நல்ல தீர்ப்புதான்.
பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.
ஆனால் என் பழைய பாக்கியை
இவள் வழக்கில் எப்படித் தீர்ப்பது?

"பதிவு செய்யுங்கள்," என்றேன் டைப்பிஸ்டிடம்.
"ஏழாம் பிரிவை எழுதியது நான், ரிஃபாயா.
இந்த வழக்கிலிருந்து விலகுகிறேன்."

காளீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்ப மறுபடி மொதல்லேர்ந்தா மேடம்?"
ஆமாம் என்றேன்.
"போன நடுவர் அமையவே நாலு மாசம் ஆச்சு."
அதற்கும் ஆமாம்தான்.
இதைவிட நேர்மையாகவும்
இதைவிட உதவாமலும் நான் எப்போதும் இருந்ததில்லை.

என் கட்டணத்தைத் திருப்பிக் கணக்கில் வைத்தேன்.
பெயரும் முகவரியும் ஒரு தாளில் எழுதி,
புது நடுவர் வந்ததும்
சாட்சியாக என்னைக் கூப்பிடு,
அந்தப் பிரிவு எந்த ராத்திரியில்
எதற்காக எழுதப்பட்டது என்று சொல்கிறேன் என்றேன்.

இடக்கையால் வாங்கினாள்.
"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்,
வலது தூக்க வராது."

படியிறங்கிப் போனாள்.
கீழே ஐஸ் உடைக்க ஆரம்பித்தார்கள்.
குறித்துக்கொள்ள அறையில் யாரும் இல்லை.