டிக்கெட்டில் இல்லாதது

டர்பன் நகர வரலாற்றுக் காட்சியகத்தின்
பின்வாசலில் என் மேசை.
முன்வாசலில் வருவது ஆள்,
பின்வாசலில் வருவது பொருள்.
வந்ததை எழுதி, எண் போட்டு,
பூச்சி சாகட்டும் என்று இரண்டு வாரம்
உறைபெட்டியில் வைப்பது என் வேலை.

செவ்வாய்க்கிழமை. துறைமுகத்துப் புழுக்கம்.
தனபாலன் படையாச்சி வந்தார்,
சாட்ஸ்வர்த்திலிருந்து இரண்டு டாக்சி மாறி,
மடியில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு.
திறந்தால்
உளுந்தளவு காகித வட்டங்கள்.
பச்சை, ரோஸ், அங்கங்கே மஞ்சள்.

"என்னங்க இது?"

"ஓட்டை," என்றார்.

அண்ணன் கண்டக்டராம்,
கேட்டோ மேனர் மேடேறிய
கனகவல்லி என்கிற பஸ்ஸில்.
டிக்கெட்டைக் கடிக்கும் இடுக்கியின் வயிற்றில்
பகலெல்லாம் சேர்ந்ததை
ராத்திரி டப்பாவில் கொட்டுவாராம்.
பச்சை முழு டிக்கெட். ரோஸ் அரை டிக்கெட்.
மஞ்சள், கோழிக்கூடைக்கும் வாழைத்தாருக்கும்.
தங்கை அஞ்சலையின் கல்யாணத்தன்று
அட்சதையோடு கலந்து தூவ.

"தூவலையா?"

கல்யாணம் நடந்தது,
காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வாரத்தில்.
லாரியில் ஏறிய எந்த மூட்டைக்குள் டப்பா என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
கிடைத்தபோது அஞ்சலைக்கு மூன்று பிள்ளை.
அண்ணன் இல்லை, கனகவல்லியும் இல்லை.

படிவம் கேட்டது:
பொருள் எது? எதனால் ஆனது?
நீளம் அகலம் உயரம்?
எண்ணிக்கை?
அங்கே பேனா நின்றது.

வியாழன் குழு கூடியது.
எங்களிடம் மேயர் கழுத்துச் சங்கிலி உண்டு,
டிராம் மணி உண்டு,
'வெள்ளையருக்கு மட்டும்' பெஞ்சு மூன்று உண்டு;
நாலாவது வேண்டாமென்று
போன வருஷம்தான் முடிவெடுத்தோம்.
விக்டோரியா தெருவில் புறப்பட்ட அந்தப் பஸ்களின்
ஒரு டிக்கெட் கூட இல்லை.
இறங்கியதும் கசக்கி எறிவதற்குப் பெயர்தானே டிக்கெட்.

"டிக்கெட் வந்தால் எடுக்கலாம்,"
என்றார் ஃபெரெய்ரா. "இது பெருக்கித் தள்ளிய குப்பை."
கொள்கை ஏட்டைப் புரட்டினார்:
நகரத்தைச் சொல்கிறதா,
பார்க்க லட்சணமாக இருக்கிறதா,
வைக்க இடம் இருக்கிறதா.
இடம் இருந்தது. சின்ன டப்பா.

நொம்வூலா அதுவரை வாய் திறக்கவில்லை.
சாமணத்தால் ஒரு ரோஸ் வட்டத்தைத் தூக்கி
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
அச்செழுத்தொன்றின் வால் மட்டும் அதில்.
எந்த எழுத்தின் வால், தெரியவில்லை.

"இது ஒரு பிள்ளை," என்றாள்.
"அரை டிக்கெட். எங்கேயோ ஏறி
எங்கேயோ இறங்கியிருக்கு.
எங்கம்மாவாக்கூட இருக்கலாம்.
அந்த மேட்டுலதான் தகரவீடு.
அவங்களையும் லாரியிலதான் ஏத்தினாங்க,
வேற பக்கமா."

ஃபெரெய்ரா ஏட்டை மூடினார்.
சம்மதம் என்றா, சாப்பாட்டு நேரம் என்றா,
கூட்டக் குறிப்பில் இல்லை.

நூறு எண்ணி நிறுத்து, மிச்சத்தை வகுத்துவிடு
என்று எல்லோரும் சொன்னார்கள்.
நான் ஒவ்வொன்றாய் எண்ணினேன்,
மின்விசிறியை அணைத்து, மூச்சைச் சுருக்கி.
நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒரு தும்மல்.
மறுபடியும் ஒன்றிலிருந்து.
பதினோராயிரத்து அறுநூற்று எட்டு.
ஒரு சவாரிக்கு ஒன்று.
வேலைக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சும்மாவும்.

பேனாவை எடுக்கும்போது போன் வந்தது.
படையாச்சி. இழுத்து இழுத்துப் பேசினார்.
அஞ்சலையின் கடைசி மகளுக்கு
வருகிற தையில் கல்யாணமாம்.
ஒரு பிடி,
ஒரே ஒரு பிடி திரும்பக் கிடைக்குமா?

பதிவான பொருளைத் திருப்பித் தர விதியில்லை.
அதைத்தான் சொன்னேன். தொண்டை கட்டியது.
அவர் "சரிம்மா" என்றார்; போனை வைக்கவில்லை.
பின்னால் எங்கோ பஸ் ஒன்று
கியர் மாற்றி மேடேறும் சத்தம்.

எண்ணிக்கைக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.
'ஏறத்தாழ' என்று எழுதி
அதன் பக்கத்தில் எண்ணை எழுதினேன்.

பிறகு,
"திங்கட்கிழமை பின்வாசலுக்கு வாங்க" என்றேன்.