மூன்றாவது தெருவிலிருந்து

திருவொற்றியூர் தாண்டி எங்கள் குப்பத்தில்
தெருக்கள் மூன்றில் தொடங்கும்.
ஒன்றும் இரண்டும் கடலுக்குள்.
தபால்காரருக்குத் தெரியும், கேட்கமாட்டார்.

இதை ஃபாயினாவிடம் சொன்னபோது
அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.
அறுப்பது என்றால் ரம்பத்தால்.
அந்த ஊர்ச் சந்தையில் மீன்கள் வாளிக்குள் வாலூன்றி
விறகுக்கட்டை மாதிரி நிற்கும்.
காசிமேட்டு ஐஸ் பெட்டியில் கைவிட்டு வளர்ந்தவன் நான்,
முதல் நாள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.
வாசனையே இல்லை.
பயமாக இருந்தது.

பதினான்கு மாதம் அங்கே குழாய் பற்றவைத்தேன்.
அந்த ஒரு மாவட்டத்துக்குள் தமிழ்நாட்டை வைத்தாலும்
மிச்சம் இருக்கும் என்பார் மேஸ்திரி.
ஆட்கள் நம் சுனாமி குடியிருப்பு அளவுதான்.
சாலை கிடையாது, ஆறுதான்.
குளிரில் அதன்மேல் லாரி போகும், கோடையில் படகு.
நடுவே வருடத்துக்கு இரண்டு தடவை, மும்மூன்று வாரம்,
லாரிக்கு மெலிசு, படகுக்குக் கெட்டி.
யாரும் எங்கும் போவதில்லை.
"தடைக்காலம்" என்றேன்.
அவளும் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு
மாவு மூட்டைகளை எண்ணப் போனாள்.

வீடுகள் தூண்மேல் நிற்கின்றன.
வீட்டுச் சூடு மண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.
தெரிந்தால் மண் இளகும், சுவர் வாய் பிளக்கும்.
அவள் சமையலறையில் ஒரு விரிசல்.
அது வளர வளர நுனியில் பென்சிலால் தேதி போடுவாள்.
பத்தொன்பது தேதிகள் எண்ணினேன்.
நாங்களும் அளந்தோம், தேதி இல்லாமல்:
தென்னை வரை,
கரண்ட் கம்பம் வரை,
லூர்து அக்கா வீட்டுப் படி வரை.

நவம்பர் கடைசியில் சூரியன் போனது.
போன அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜனவரியில் வந்த அன்று
பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக வெளியே நிறுத்தினார்கள்.
மலைக்குப் பின்னால் கொஞ்சம் ஆரஞ்சு, கால் மணி நேரம்.
ஒரு பையன் ஓடிவந்து எனக்குக் கை கொடுத்தான்,
நான்தான் கொண்டுவந்த மாதிரி.

அவள் அப்பாவை ஏழு வயதில்
சரக்குத் தோணியில் ஏற்றிவந்து
அந்தக் கரையில் இறக்கினார்களாம்,
தாயோடும் ஒரு தையல் மெஷினோடும்.
ஏன் என்று கேட்டேன்.
"பட்டியல்" என்றாள்.
அவள் மொழியில் எனக்குத் தெரிந்த முந்நூறு வார்த்தைக்குள்
அதுவும் இருந்தது. சம்பள நாளில் கற்றது.

நான் திரும்பி வந்து எட்டு மாதம்.
போன வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்,
கிளிப் அட்டையில் செருகிய தாளோடு.
மூன்றாவது தெரு முழுக்கப் பெரும்பாக்கம்.
எட்டாவது மாடி. கடல் தெரியாது.
"பேர் சரியா இருக்கா பாருங்க."
சரியாகத்தான் இருந்தது, இனிஷியல் உட்பட.
ரெஜினா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.
பாவம், வெயிலில் வந்திருந்தார்கள்.

இங்கேயும் இப்போது தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.
நேற்று ராத்திரி ஃபாயினா ஒரு ஒலி அனுப்பினாள்,
ஆறு திறந்துவிட்டது என்று.
டீக்கடையில் சத்தமாக வைத்தேன்.
முதலில் முனகல்.
அப்புறம் துருப்பிடித்த கேட்டை இழுக்கிற மாதிரி.
அப்புறம் ஒன்றன்மேல் ஒன்று, நிற்காமல்.

காதர் பாய் ஆற்றிய டீயை அந்தரத்தில் நிறுத்திக்
கடல் பக்கம் திரும்பினார்.
"இந்நேரத்துல எவன்டா
கல்லு கொட்றான்?"